பொன்னாடை போதும் ஐயா, தாழ்ப்பாள் வேண்டும்

நெடுநாள்களுக்குப் பிறகு இப்பக்கத்தில் எழுத அமர்ந்திருக்கிறேன். எழுதப்போவது சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் படித்துவிட்டுத் திட்டுங்கள், படிக்காமல் திட்டாதீர்கள்.

அண்மையில் எங்கள் பள்ளியில் பரிசளிப்பு விழா நடைபெற்றது. சிறப்பு விருந்தினராக வந்தவர் வட்டாரத்தில் நன்கு அறிமுகமான தொழிலதிபர். பெயர் வேண்டாம். பள்ளிக்கு முன்பும் உதவியவர். நல்ல மனிதர் என்றே இன்றும் சொல்வேன். மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் முடிந்த பின் பெண்கல்வியின் பெருமையைப் பற்றி 35 நிமிடம் முழங்கினார். ஒலிபெருக்கி வழியாக ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. ஏனெனில் நான் மண்டபத்தில் இல்லை. மாணவியர் கழிப்பறைக்கு வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு கதவுகளில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நடனமாடவிருந்த பிள்ளைகள் சேலை கட்டி, சலங்கை பூட்டி, ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தனர். "டீச்சர், விட்றாதீங்க டீச்சர்" என்று உள்ளிருந்து ஒரு குரல். வெளியே, "பெண்கள் நம் இனத்தின் கண்கள்" என்று இன்னொரு குரல். விழா முடிவில் 5,000 வெள்ளிக்கு ஆளுயர மாதிரிக் காசோலை ஒன்றைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டனர். அந்த அட்டையைக் கீல் வைத்துப் பொருத்தியிருந்தால் நல்லதொரு கதவாகியிருக்குமே என்று எண்ணிக்கொண்டேன். குறும்புதான், மன்னிக்கவும்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, நம் தொழிலதிபர்களும் சமுதாயத் தலைவர்களும் கொடுக்காதவர்கள் அல்லர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் தமிழ்ப்பள்ளிகளில் பல இன்றும் அரசாங்கத்தின் பகுதி உதவியை மட்டுமே பெறுபவை. அவற்றில் எத்தனையோ வகுப்பறைகளும் கணினி அறைகளும் கொடையாளர்களின் பணத்தில் எழுந்தவை. என் சினம் அவர்கள் கொடுக்கவில்லை என்பதன்று; கொடுக்கும் இடத்தைப் பற்றியது. ஏற்கெனவே வென்றுவிட்ட பெண்பிள்ளையை மேடையேற்றி மாலை சூட்டுகிறார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை எங்கே தோற்கிறாள்? பேருந்தில், கழிப்பறையில், கடையில், கல்யாண மண்டபத்தில். இவற்றின் உரிமையாளர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மேடையில் அமர்ந்திருப்பவர்களேதாம்!

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுமொழி வரும். "பெண்பிள்ளைகளுக்கு என்ன குறை? அவர்கள்தாம் நன்றாகப் படிக்கிறார்களே! ஆண்பிள்ளைகள்தாம் வழிதவறிப் போகிறார்கள், அவர்களைக் கவனியுங்கள் டீச்சர்." ஆண்பிள்ளைகளைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. இந்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் மாணவியரே மிகுதி என்பதும் உண்மை. ஆனால், நன்றாகப் படித்த அப்பெண்கள் எங்கே போனார்கள்? மலேசியாவில் வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தொழிற்சந்தையில் இருக்கின்றனர். பெண்களில் 55 விழுக்காட்டைச் சற்றே தாண்டியோர்தாம் இருக்கின்றனர். தேர்வில் முந்தியவர்கள் வாழ்க்கையில் எங்கோ நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? மதிப்பெண் வேறு, உரிமை வேறு. தவிர, சராசரியில் தெரிபவர்கள் பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் மட்டுமே. காணாமற் போனவள் எந்தச் சராசரியிலும் வரமாட்டாள்.

காணாமற் போன ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்றவள். செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. கட்டுரை எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் போதாது அவளுக்கு. தமிழில் முதல் நிலை என்று பரிசு வாங்கினாள். மலாய்மொழியில் அடைவு போதாததால் இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர நேர்ந்தது. பள்ளி தோட்டத்திலிருந்து 14 கிலோமீட்டர். தோட்டத்துக்குள் பள்ளிப் பேருந்து வராது. முதன்மைச் சாலை வரை நடந்து, விடியற்காலை இருட்டில் காத்திருக்க வேண்டும். மாதக் கட்டணமோ அவ்வீட்டுக்குப் பெரிய தொகை. தம்பி இருவர் தொடக்கப்பள்ளியில். தாயார் காலை வேலைக்குப் போகிறவர். இவற்றோடு அவள் வயதுக்கும் வந்துவிட்டாள். "இருட்டுல எப்படிமா தனியா அனுப்புறது?" என்று தந்தை கேட்டார். அவர் கொடுமைக்காரர் அல்லர். அந்த வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. புகுமுக வகுப்பு முடிந்த கையோடு அவள் பள்ளியை நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த தீபாவளிக்கு முந்தைய வாரம் பட்டணத்தில் ஒரு துணிக்கடைக்குச் சென்றேன். இரவு மணி ஒன்பதரை இருக்கும். விரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "வணக்கம் டீச்சர்" என்றாள். வகுப்பில் எழுந்து நின்று சொல்வாளே, அதே குரல். அவளுக்கு அப்போது 14 வயது. அந்தக் கடையின் முதலாளிதான் ஈராண்டுகளுக்கு முன் மேடையில் அவள் கையில் கட்டுரைப் போட்டிப் பரிசைக் கொடுத்தவர். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

வெளியே அழைத்துப் பேசினேன். "பாவம் டீச்சர், அவங்க அம்மாதான் வந்து கேட்டாங்க. வீட்ல சும்மாதான இருக்கு, நாலு காசு கிடைக்கட்டுமேன்னு எடுத்தேன்" என்றார். உதவியாகவே அவர் அதைக் கருதினார் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. இந்த வயதுப் பிள்ளையை இரவு 8 மணிக்குமேல் வேலைவாங்கக்கூடாது என்று 1966ஆம் ஆண்டு முதலே இந்நாட்டில் சட்டம் உண்டு. அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அவர் என்ன செய்திருக்கலாம் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. விற்பனைப் பெண்களை ஏற்றி இறக்க அவரிடம் ஒரு வேன் இருக்கிறது. விடியற்காலையில் அது சும்மா நிற்கிறது. வேலை கேட்டு வந்த தாயாரிடம், "பிள்ளைக்கு என்ன வயது? பள்ளி என்னாயிற்று?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கலாம். தலைமையாசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்திருக்கலாம். அந்தத் தாயாருக்கே பகல் நேர வேலை ஒன்றைக் கொடுத்திருக்கலாம். ஓர் ஆசிரியை பத்துமுறை வீடேறிச் சென்று பேசுவதைவிட, "எஸ்.பி.எம். முடிக்காத பிள்ளையைப் பள்ளி நாள்களில் என் கடையில் வைத்துக்கொள்வதில்லை" என்று ஒரு முதலாளி ஒருமுறை சொல்வது வலிமையானது. ஒரு வரிசைக் கடைக்காரர்கள் சேர்ந்து சொன்னால் அதைவிட வலிமை. செலவு? ஒரு காசும் இல்லை. மாதிரிக் காசோலைக்கு அட்டை அச்சடிக்கும் செலவும் மிச்சம்.

தொடக்கக் கல்வி 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தத்தை மக்களவை 2025இல் நிறைவேற்றியது. மகிழ்ச்சிதான். ஆனால், சட்டம் விடியற்காலை இருட்டில் சாலையோரம் துணைக்கு நிற்காதே! அங்கே ஒரு வேன்தான் நிற்க வேண்டும்.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். இங்கே சிலர் முகம் சுளிப்பீர்கள்.

மஞ்சள் நீராட்டு விழாவை ஒழிக்கச் சொல்பவள் அல்லள் நான். எனக்கும் செய்தார்கள், தாய்மாமன் சீர் கொண்டுவந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. எனினும், இன்று குளிர்சாதன மண்டபம், மேடை அலங்காரம், ஒளிப்பதிவு, மூவடுக்கு அணிச்சல், நாற்சந்தியில் பிள்ளையின் படத்தோடு பதாகை என்று இது எங்கே போய்க்கொண்டிருக்கிறது? பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உடலில் நிகழ்ந்ததை ஊருக்கே பதாகை கட்டி அறிவிக்கிறோம். அதே பிள்ளை பள்ளியில் அணையாடை மாற்றத் தாழ்ப்பாளும் குப்பைத்தொட்டியும் தண்ணீரும் இல்லாமல் தவிப்பதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறோம். என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் மாதந்தோறும் இரண்டு நாள், மூன்று நாள் என்று விழும் வட்டங்களுக்கு எனக்குக் காரணம் தெரியும். "வயிற்றுவலி" என்று தாயார் எழுதியனுப்பும் கடிதம் என் மேசை இழுப்பறையில் கற்றையாக இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 130,000 பதின்ம வயதுப் பெண்களுக்குத் தூய்மைப் பொருள்கள் வழங்கப்படும் என்று 2022ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அரசாங்கமே அறிவிக்க வேண்டிய நிலை இருந்ததே, நாம் அறியோமா?

இத்தகைய விழாக்களுக்குத் தலைவர்கள் வருகிறார்கள், உறையில் பணம் வைத்து வாழ்த்துகிறார்கள். வரட்டும். அந்த உறைமீது "படிவம் ஒன்று, பேருந்துக் கட்டணம்" என்று எழுதிக் கொடுங்கள் என்கிறேன். ஒரு தலைவர் அப்படி எழுதினால் அடுத்தவரும் எழுதுவார். நம்மவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதில் சளைத்தவர்களா என்ன?

அதே மண்டபத்தில்தான் திருமணமும் நடக்கிறது. 1976ஆம் ஆண்டு திருமண மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டப்படி முஸ்லிம் அல்லாதார்க்குத் திருமண வயது 18. ஆயினும், பெண்ணுக்கு மட்டும் ஒரு பின்வாசல் உண்டு. 16 வயது நிறைந்தவளுக்கு மாநில மந்திரி புசாரோ முதலமைச்சரோ உரிமம் வழங்கினால் மணம் முடிக்கலாம். ஆணுக்கு அந்த வாசல் இல்லை. இதை அடைக்கச் சொல்லி நம் இயக்கங்கள் எத்தனை ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் தீர்மானம் போட்டன? விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் குடும்பத்திடம், "முதலில் படிப்பை முடிக்கட்டும்" என்று எத்தனை பேர் சொன்னார்கள்? கோயில் பொறுப்பாளர்களுக்கு இதில் இன்னும் பெரிய பங்கு இருக்கிறது. நம் கோயில்கள் சிலவற்றில் துணைத் திருமணப் பதிவதிகாரிகளே இருக்கின்றனர். பதிவு இல்லாமல் சந்நிதியில் தாலி மட்டும் கட்டிவிட்டுப் போகும் இணைக்குச் சட்டத்தின் கண்ணில் திருமணமே நடக்கவில்லை. நாளை அவன் விட்டுவிட்டுப் போனால் மனைவி என்ற உரிமையோடு நீதிமன்றப் படியேற அவளுக்கு வழியில்லை. ஆகவே, வயதுச் சான்றும் பதிவும் இல்லாமல் மண்டபச் சாவி கொடுப்பதில்லை என்று நிர்வாகம் ஒரு வரி எழுதி ஒட்டினால் போதும். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கேட்கத் தெரிந்த நமக்கு மணமகளின் அடையாள அட்டையைக் கேட்கத் தெரியாதா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எழுத மனம் நடுங்குகிறது.

ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்துவிட்டால், முதலில் காவல் நிலையம் போவதில்லை நம்மில் பலர். ஒரு பெரியவரிடம் போகிறோம். அவர் இரு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுகிறார். "பெண்பிள்ளை பெயர் கெட்டுவிடும், வெளியே தெரிய வேண்டாம்" என்கிறார். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு பள்ளியில் பணியாற்றியபோது இப்படி ஒருவர் என்னிடமே வந்து, "டீச்சர், நீங்கள் இதைப் பெரிதாக்க வேண்டாம்" என்று அன்பாகக் கேட்டுக்கொண்டார். கையில் ஒரு பை பழம் வேறு. நான் பழத்தையும் வாங்கவில்லை, அவர் சொல்லையும் கேட்கவில்லை. பள்ளி வழி புகார் போயிற்று. ஆனால், அவருடைய முகத்தில் குற்றவுணர்வு எதுவும் இல்லை. சமுதாயப் பணி செய்வதாகவே நம்பினார். 2017ஆம் ஆண்டு சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதிருப்பதே குற்றம். 5,000 வெள்ளி வரை தண்டம். ஐயா தலைவர்களே, உங்கள் சமரசத்துக்கு இப்போது சட்டத்தில் பெயர் இருக்கிறது. பிள்ளையின் பெயரைக் காக்க விரும்பினால் 15999 என்ற தாலியான் காசே எண்ணை உங்கள் கோயில் அறிவிப்புப் பலகையில், நன்கொடையாளர் பட்டியலுக்கு மேலே ஒட்டுங்கள்.

நம் பெண்கள் சமுதாயத்திடம் வாங்கியவர்கள் மட்டுமல்லர், கொடுத்தவர்கள். தோட்டத் துண்டாடலின்போது 1960இல் துன் வீ.தி.சம்பந்தனார் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினாரே, அந்தப் பத்து வெள்ளியைக் கட்டியவர்களுள் பால்மரம் வெட்டிய என் பாட்டியும் ஒருவர். ஆசிரியைகளுக்கு ஆண்களுக்கு நிகரான சம்பளம் இல்லாத காலத்தில், அதே 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்துப் போராடியவர் ராசம்மா பூபாலன். அதற்கு முன் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தியவரும் அவரே. நானும் என் உடன் பணியாற்றும் ஆண் ஆசிரியரும் இன்று ஒரே சம்பளம் பெறுகிறோம் என்றால், யாரோ மாலை போட்டதால் வந்ததன்று அது.

அப்படிப்பட்ட பெண்களுக்கு நம் பொது அமைப்புகளில் எந்த இடம்? பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற விதி, பெரிய நிறுவனங்களுக்கு 2022இலும் மற்றவற்றுக்கு 2023இலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் கோயில் நிர்வாகக் குழுவில் எத்தனை பெண்கள்? "மகளிர் பிரிவு இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. பூக்கட்டுகிறது, அன்னதானத்துக்குக் காய் நறுக்குகிறது. கணக்குப் புத்தகம் மட்டும் அதன் கைக்கு வருவதில்லை. பள்ளி வாரியங்களும் பெரிதாக மாறுபடவில்லை. வாரியத்தில் தாய்மார் இருவர் இருந்திருந்தால் எங்கள் பள்ளித் தாழ்ப்பாள் அந்த நிலைக்கு வந்திருக்காது என்பது என் துணிபு.

ஆசிரியர்களாகிய நாமும் தூயவர்கள் அல்லர். பிரமுகர் வருகிறார் என்றால் வாயிலில் பூத்தட்டு ஏந்தி நிற்கப் பெண்பிள்ளைகளைத்தானே அனுப்புகிறோம்? கணிதப் பாடம் நடந்துகொண்டிருக்கும். ஆண்பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். பெண்பிள்ளைகள் பட்டுப்பாவாடையில் வெயிலில் நிற்பார்கள். பிரமுகர் ஒரு மணி நேரம் தாமதம். நானே அப்படி நிறுத்தியிருக்கிறேன், பலமுறை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விழா ஏற்பாடு பற்றிக் கற்றபோது வரவேற்புக்கு மாணவியர் என்றே குறிப்பெடுத்தேன். ஏன் என்று என் விரிவுரையாளரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெற்றோர்களே, உங்களையும் விடுவதாக இல்லை. மகனுக்கு இரவு வகுப்பு, மகளுக்கு "இருட்டிவிட்டது, வேண்டாம்" என்கிறீர்கள். இருட்டு இருவருக்கும் ஒன்றுதான். மகள் வரும் வழியில் விளக்குப் போடச் சொல்லி நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுத ஒரு தலைவரைப் பிடியுங்கள்; அதற்குத்தானே அவர் இருக்கிறார்?

விழா நடந்த வாரத்திலேயே நானும் எங்கள் உடற்கல்வி ஆசிரியரும் கடைக்குச் சென்று மூன்று தாழ்ப்பாள்கள் வாங்கினோம். திருகாணிகளோடு 27 வெள்ளி. பள்ளி முடிந்த பிறகு அவரே பொருத்தினார். மறுநாள் ஓய்வு நேரத்தில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி உள்ளே போய்த் தாழிட்டாள், திறந்தாள், மறுபடி தாழிட்டாள். வெளியே காத்திருந்தவர்கள் சத்தம் போடும் வரை அவள் வரவேயில்லை.

அந்த 5,000 வெள்ளி இன்னும் வாரியக் கணக்கில்தான் இருக்கிறது. தோட்டத்திலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகவிருக்கும் ஏழு பெண்பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்துக்கு அதை ஒதுக்க வேண்டும் என்று வாரியத் தலைவருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். நன்கொடை அளித்தவரையும் நேரில் பார்த்து, அவருடைய வேன்களில் ஒன்றைக் காலையில் மட்டும் தோட்டத்துக்குள் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எத்தனை மணிக்கு டீச்சர் வரணும்?" என்றார். ஐந்தே முக்காலுக்கு என்றேன். ஓட்டுநரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். காத்திருக்கிறேன்.